லெமன் பாம்: வாசம் போகாமல் வளர்க்கவும் குடிக்கவும்

படுத்து அரை மணி நேரம் ஆகியும் தூக்கம் வராமல், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் மண்டைக்குள் வரிசை கட்டி நிற்கிறது என்றால் ஒரு கோப்பை மூலிகைத் தேநீர் குடித்துப் பார்க்கலாம் என்று நிறையப் பேருக்குத் தோன்றும். உடனே கடையில் பொட்டலம் வாங்குவார்கள். பிரித்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் தூள் இருக்கும், வாசம் எப்போதோ போயிருக்கும். இதற்கு வீட்டிலேயே ஒரு தொட்டியில் லெமன் பாம் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். புதினாவின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது, தண்டு புதினாவைப் போலவே சதுரமாக இருக்கும், இலை எதிரெதிராக இரண்டிரண்டாக வரும், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு, மேலே சுருக்கம். கசக்கினால் எலுமிச்சைத் தோலைக் கீறிய மாதிரி ஒரு வாசம்.

அந்த வாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்தச் செடி விஷயத்தில் எல்லா முடிவையும் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கே வைப்பது, எவ்வளவு உரம் போடுவது, எப்போது வெட்டுவது, எப்படிக் காயவைப்பது, ஏன் மூடி போட்டு ஊறவைப்பது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வாச எண்ணெய்தான். இலையின் மேலே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சுரப்பிகளில் அது இருக்கிறது, கை பட்டாலே உடையும், சூடு பட்டால் பறக்கும். அளவும் மிகக் குறைவு. 100 கிராம் காய்ந்த இலையை எடுத்தால் அதில் பெரும்பாலும் அரை கிராம் எண்ணெய்கூடத் தேறாது. அதனால்தான் அசல் லெமன் பாம் எண்ணெய் விலை கூடுதலாக இருக்கிறது, அதில் எலுமிச்சைப் புல் எண்ணெயைக் கலந்து விற்பதும் நடக்கிறது. இரண்டிலும் சிட்ரால் என்ற வாசப்பொருள் இருப்பதால் மூக்குக்கு வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. எண்ணெய் தவிர ரோஸ்மரினிக் அமிலம் என்று ஒன்றும் இலையில் நிறைய இருக்கிறது. அது சீக்கிரம் பறக்காது, வெந்நீரில் நன்றாக இறங்கும். ஆக, நல்ல தேநீர் என்றால் இரண்டும் கோப்பைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேலை செய்யும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தூக்க மாத்திரை கிடையாது. ஐரோப்பிய மருந்துகள் முகமை இதை லேசான மன அழுத்தத்துக்கும், தூக்கம் வர உதவியாகவும், வயிறு உப்புசம் மாதிரியான சின்ன வயிற்றுக் கோளாறுகளுக்கும் பாரம்பரியமாகப் பயன்படும் மூலிகை என்று ஏற்றிருக்கிறது. நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்துக் கொடுத்த ஏற்பு அது, பெரிய அளவில் சோதித்து நிரூபித்ததால் கொடுத்தது அல்ல. சோதனைகளும் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 18 பேருக்கு, லெமன் பாம் இலையின் சத்தைப் பிரித்தெடுத்த சாறு 600 மில்லிகிராம் கொடுத்துவிட்டு மனதுக்கு நெருக்கடி தரும் வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். அமைதி கூடியதாகவும், கூடவே சுறுசுறுப்பு குறைந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். 18 பேர் என்பது சின்னக் கூட்டம், அதிலும் அவர்கள் சாப்பிட்டது தரப்படுத்திய, அதாவது சத்தின் அளவு ஒரே சீராக இருக்கும்படி தயாரித்த சாறு, நாம் குடிக்கப்போவது தேநீர். படபடப்பு ஒரு படி இறங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். வாரக்கணக்கில் தூங்காதவர்களுக்கும், பதற்றத்தால் அன்றாட வேலையே நின்றுபோனவர்களுக்கும் இது போதாது, அவர்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

விதையா, தண்டா?

முடிந்தால் தண்டு. விதை போட்டால் பொறுமை வேண்டும், தவிரவும் விதைப் பொட்டலத்தில் இருப்பது லெமன் பாம்தானா என்பது முளைத்து இலை விட்ட பிறகுதான் தெரியும். இதே குடும்பத்துச் செடிகள் நாற்றுப் பருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நாற்றாக வாங்கினாலும் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்துவிட்டு வாங்குங்கள். எலுமிச்சை வாசம் பளிச்சென்று வர வேண்டும், புதினாவின் காரமோ கற்பூர நெடியோ தூக்கலாக இருந்தால் அது வேறு செடி. இலையில் மஞ்சள் திட்டுகளோடு அழகாக ஒரு ரகம் கிடைக்கும், கடும் வெயிலில் அதன் இலை எளிதில் கருகும் என்பதால் மருந்துக்காக வளர்ப்பவர்கள் சாதாரணப் பச்சை ரகத்தையே எடுப்பது நல்லது.

யாரிடமாவது செடி இருந்தால் பூ வராத இளம் தண்டாகப் பார்த்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, விரல் நீளத்துக்கு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் இருந்தால் போதும். மேலே இரண்டு மூன்று ஜோடி இலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும், மேல் இலைகளும் பெரிதாக இருந்தால் பாதியாக வெட்டிவிடலாம். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது, அதற்காகத்தான். கணு முங்கும்படி தண்ணீரில் வைத்து, வெளிச்சம் இருக்கும் ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நூல் நூலாக இறங்கும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டின் அடி வழவழவென்று ஆகி அழுகும். வேர் கட்டைவிரல் அகலத்துக்கு வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். ரொம்ப நாள் தண்ணீரிலேயே விட்டால் அந்த வேர் மண்ணுக்குப் பழகத் திணறும். நேரடியாக ஈர மண்ணிலேயே குத்தி வைத்தாலும் பிடிக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து ஈரப்பதம் காத்தால் போதும்.

விதைதான் கிடைக்கிறது என்றால் ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், மண்ணைப் போட்டு மூடக் கூடாது. லெமன் பாம் விதை தூசி மாதிரி சின்னது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஈரமான மண்ணின் மேல் தூவி, விரலால் லேசாக அமுக்கிவிட்டு, ஸ்ப்ரேயரால் பனி போலத் தெளியுங்கள், குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரு வாரத்திலும் முளைக்கலாம், மூன்று வாரமும் ஆகலாம். முளைக்கும்போது வரும் வித்திலைகளைக் கணக்கில் சேர்க்காமல் நான்கு உண்மையான இலை வந்ததும் பிரித்து நடலாம்.

தொட்டி, மண், வெயில்

தொட்டி 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஓட்டை கண்டிப்பாக. இந்தச் செடிக்குத் தண்ணீர் பிடிக்கும், தண்ணீரில் நிற்பது பிடிக்காது. மண், மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம், கூடவே தண்ணீர் வடிய மணலோ கோகோபீட்டோ கலந்த சாதாரணக் கலவை போதும்.

உரத்தில்தான் ஆசை கூடாது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலை கையகலத்துக்கு வரும், பார்க்க ஜோராக இருக்கும், கசக்கினால் வாசம் நீர்த்துப்போயிருக்கும். நடும்போது மண்ணில் கலந்ததும், ஒவ்வொரு பெரிய வெட்டுக்கும் பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரமும் தாராளம். மருந்துச் செடியைக் கீரை மாதிரி வளர்க்க வேண்டியதில்லை.

வெயில் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. குளிர் நாட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் தாராளமாக வைக்கலாம். உறைபனி காலத்தில் மேல் பகுதி முழுதும் காய்ந்துபோகும், பயப்பட வேண்டாம், தரையில் நட்டிருந்தால் மைனஸ் 20 டிகிரி வரைகூட வேர் தாங்கிக்கொண்டு வெப்பம் திரும்பியதும் மறுபடி துளிர்க்கும். தொட்டிக்குள் இருக்கும் வேருக்கு அவ்வளவு பாதுகாப்பு இல்லை, அதனால் தொட்டியைச் சுவர் ஓரமாக நகர்த்திவிட்டு மேலே சருகு போட்டு மூடுங்கள். வெப்பமான ஊர்க்காரர்களுக்குக் கதை வேறு. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், அதற்குப் பிறகு நிழல் அல்லது நிழல்வலை. உச்சி வெயிலில் வைத்தால் இலை வெளிறி, ஓரம் கருகி, மதியம் துவண்டு தொங்கும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் செடி வளர்வதை நிறுத்திவிட்டுத் தாக்குப்பிடிக்கத்தான் பார்க்கும், அந்த நேரத்தில் பெரிய வெட்டு வெட்டாதீர்கள், உரமும் வேண்டாம், மண் காயாமல் பார்த்துக்கொண்டாலே போதும். சூடும் புழுக்கமும் சேர்ந்த இடங்களில் இதை வருடக்கணக்கில் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே குளிர்ந்த பருவத்தின் தொடக்கத்தில் தண்டு நட்டு, அந்தப் பருவம் முழுக்க அறுத்துப் பயன்படுத்திக்கொண்டு, கோடைக்கு முன்பே இரண்டு மூன்று தண்டுகளை வேர்விட வைத்து நிழலில் தனியாகப் பாதுகாப்பதுதான் சரிப்பட்டு வரும்.

தண்ணீருக்குக் கணக்கு வேண்டாம், விரல் போதும். முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மதிய வெயிலில் இலை தொங்கியதைப் பார்த்ததும் பதறி ஊற்ற வேண்டியதில்லை, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் அது வெயிலுக்குத் தொங்கியதுதான். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை. மண் காய்ந்திருந்தால் தண்ணீர்ப் பஞ்சம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தாமதிக்காமல் நல்ல தண்டுகளை வெட்டித் தண்ணீரில் போட்டுவிடுங்கள், அந்தச் செடி பிழைக்காவிட்டாலும் அடுத்தது தயாராக இருக்கும்.

பூச்சி என்று பார்த்தால் செஞ்சிலந்திதான் முக்கியத் தொல்லை. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மெல்லிய நூலாம்படையும், நகரும் பொடிப் புள்ளிகளும் இருக்கும். வறண்ட சூட்டில் இது வெகுவேகமாகப் பெருகும். தொட்டியைச் சாய்த்துப் பிடித்து இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் விடாமல் செய்தால் அடங்கும். ரொம்பப் பரவிவிட்டால் செடியை அடியோடு வெட்டி அந்த இலைகளைத் தூரப் போட்டுவிட்டுப் புதுத் துளிர் வரவிடுவதே சுலபம். அசுவினிக்கும் தண்ணீர் வைத்தியமே போதும். இலையில் வெள்ளை மாவு தூவியது போல் சாம்பல் நோய் வந்தால் செடி நெரிசலாக இருக்கிறது, காற்றோட்டம் இல்லை என்று பொருள், பாதித்த கிளைகளை வெட்டி எறிந்து மற்றதைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். இரசாயனப் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கப்போகிற இலை இது.

வெட்ட வெட்டத்தான் நல்ல இலை

பலரும் பாவம் பார்த்து இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். செடி செழிப்பாக இருக்கிறதே, வெட்ட மனசு வரவில்லை என்று விட்டால் அது நெட்டையாக வளர்ந்து, அடி இலை மஞ்சளாகி, பூத்து, விதை போட்டு, அக்கம்பக்கத்துத் தொட்டியெல்லாம் அதன் குட்டிகளாகிவிடும். புதினா போல் வேர் ஓடி இடம் பிடிப்பது இல்லை இது, விதை சிந்திப் பரவுவதுதான் இதன் வேலை. சின்னச் செடி ஒரு சாண் உயரம் வந்ததுமே நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு இலைக்கக்கத்திலிருந்தும் இரண்டு கிளை வரும், அவற்றையும் கிள்ளினால் நான்கு. இரண்டு மாதத்தில் புதராகிவிடும்.

தினமும் தேநீருக்கு வேண்டிய இலையைத் தனித்தனியாகப் பிய்க்காமல் தண்டின் நுனியோடு சேர்த்துக் கணுவுக்கு மேலே கிள்ளுங்கள், அறுவடையும் கவாத்தும் ஒரே வேலையாக முடிந்துவிடும். சேமித்து வைக்கப் பெரிதாக வெட்டுவது என்றால் அதற்கு நேரம் பார்க்க வேண்டும். மொட்டு தலைகாட்டத் தொடங்கி, பூ இன்னும் விரியாத சமயம்தான் சரியான பதம், பூத்து முடித்த செடியின் இலையில் வாசம் குறைந்து ஒருவிதச் சோப்பு நெடி வந்துவிடும். காலையில் பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்பு வெட்டுங்கள். மண்ணிலிருந்து ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் விட்டு மேலே இருப்பதையெல்லாம் எடுத்துவிடலாம், அடியில் கொஞ்சமாவது பச்சை இலை மிச்சம் இருக்கட்டும். வேர் நன்றாகப் பிடித்த செடிக்குத்தான் இந்த வைத்தியம், முதல் இரண்டு மூன்று மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சூழ்நிலை ஒத்துழைத்தால் ஒன்றரை மாதத்தில் பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் பூக்க விட்டால் தேனீக்கள் மொய்க்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். விதை முற்றுவதற்குள் மறக்காமல் வெட்டிவிடுங்கள்.

காயவைப்பது

பச்சை இலையே முதல் தரம், இதில் எனக்குச் சந்தேகமில்லை. காயும்போது வாசத்தில் ஒரு பங்கு போகத்தான் செய்யும். ஆனாலும் செடி உறங்கும் மாதங்களுக்குச் சேமிப்பு வேண்டுமே.

வெட்டப்போவதைக் கழுவ வேண்டியிருந்தால் முதல் நாள் சாயங்காலமே செடியோடு தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். வெட்டிய பிறகு கழுவிக் கசக்கிக் குவித்து வைத்தால் இலை கறுக்கும். கறுத்த இலை என்றால் சுரப்பிகள் உடைந்துவிட்டன, வாசம் போய்விட்டது என்று அர்த்தம். தண்டோடு ஏழெட்டை ஒரு கொத்தாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடலாம், கொத்து தடிமனாக இருந்தால் நடுவில் பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் கூடுதலான ஊரில் தொங்கவிடுவதைவிட இலைகளை உருவி, சல்லடையிலோ மெல்லிய துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் வைப்பது மேல். நேர் வெயில் கூடாது, அடுப்பில் வைத்துச் சூடு காட்டுவதும் கூடாது. உலர்த்தும் கருவி இருந்தால் 35 முதல் 40 டிகிரிக்குள் வையுங்கள். இரண்டு நாளில் காய்ந்துவிட வேண்டும், இழுத்தடித்தால் இலை பழுப்பாகும்.

காய்ந்ததா என்பதைக் காதால் பார்க்கலாம். இலையை விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் சருகு நொறுங்குவது போல் சரக்கென்று சத்தம் வர வேண்டும், நடு நரம்பும் வளையாமல் முறிய வேண்டும். இலை நொறுங்கி நரம்பு மட்டும் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே மூடி வைத்தால் பாட்டிலின் உள்பக்கம் ஆவி படியும். 100 கிராம் பச்சை இலை காய்ந்தால் 20 கிராமை ஒட்டித்தான் நிற்கும், பெரிய கூடை நிறைய வெட்டியது ஒரு பாட்டிலில் அடங்கிவிட்டதே என்று திகைக்காதீர்கள். தூளாக்காமல் முழு இலையாகவே கண்ணாடி பாட்டிலில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள், குடிக்கும்போது மட்டும் நொறுக்கிக்கொள்ளலாம். எட்டு மாதம், ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். திறந்து மோந்தால் எதுவும் வரவில்லையா, மண்ணில் போட்டுவிட்டுப் புதிதாகக் காயவையுங்கள்.

காயவைக்கச் சோம்பலாக இருந்தால் பச்சை இலையை நறுக்கி ஐஸ் தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடலாம். வாசம் கிட்டத்தட்ட பச்சை இலைக்குப் பக்கத்தில் நிற்கும்.

குடிப்பது எப்படி

இலையைப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள், இது கஷாயத்துக்கு உரிய இலை இல்லை. சமையலறை முழுக்க எலுமிச்சை வாசம் கமகமவென்று அடிக்கிறது என்றால் அந்த வாசம் கோப்பையில் இல்லை என்று அர்த்தம். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவிட்டு இறக்கி, கோப்பையில் இருக்கும் இலைமேல் ஊற்றி, உடனே தட்டு போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் தொடக் கூடாது. அதன்பின் தட்டைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும், அதை மோந்து பாருங்கள், பறந்துபோகப் பார்த்த வாசமெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த நீரையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிட்டு வடிகட்டிக் குடிக்க வேண்டும்.

அளவு, காய்ந்த இலை என்றால் 150 மில்லி தண்ணீருக்கு 1.5 முதல் 4.5 கிராம் வரை, நாளுக்கு ஒன்றிலிருந்து மூன்று முறை. ஐரோப்பிய மருந்துகள் முகமை பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு இதுதான். நொறுக்கிய இலை ரொம்ப லேசாக இருப்பதால் தேக்கரண்டி அளவு ஆளுக்கு ஆள் மாறும். சின்னத் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, உங்கள் கரண்டியில் எத்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கரண்டி வரும், பொட்டலத் தேநீர்ப் பையில் இருப்பதைவிடக் கூடுதல். லெமன் பாம் குடித்தேன், ஒன்றுமே தெரியவில்லை என்பவர்களில் பலர் அரை கரண்டியைப் போட்டு இரண்டே நிமிடத்தில் எடுத்தவர்களாக இருப்பார்கள். பச்சை இலை என்றால் ஒரு கைப்பிடி, அதாவது நான்கைந்து தண்டு நுனிகள், கையாலேயே கிழித்துப் போடுங்கள். தூக்கத்துக்காக என்றால் படுப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு குடிக்கலாம், இரவில் சிறுநீருக்கு எழுபவர்கள் இன்னும் முன்கூட்டியே குடித்துவிடுங்கள்.

சுவை லேசாக, கொஞ்சம் புல் வாடையோடு இருக்கும், கசக்காது. முதல் தடவை லேசாகப் போட்டு ஆரம்பித்து உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். பகலில் படபடப்புக்காகக் குடிப்பவர்கள் அளவைக் கொஞ்சமாகவே வைத்துக்கொள்வது நல்லது, அளவு கூடினால் மந்தம் தட்டும்.

சூடாகக் குடிக்கப் பிடிக்காதவர்கள் ஒரு கொத்துப் பச்சை இலையைக் கிழித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்து வடிகட்டலாம். வாசம் தூக்கலாக வரும், ரோஸ்மரினிக் அமிலம் வெந்நீரில் இறங்கும் அளவுக்கு இறங்காது. அன்றே குடித்து முடித்துவிடுங்கள்.

குடிப்பது தவிர வேறு இரண்டு உபயோகம் உண்டு. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று கைப்பிடி இலையை மூடி ஊறவைத்து, வடிகட்டி, குளிக்கும் வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளலாம். அசதியான நாளில் சுகமாக இருக்கும், வெந்நீரின் சுகம் எவ்வளவு இலையின் சுகம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்ல அவசியமும் இல்லை. இன்னொன்று உதட்டோரம் கொப்புளமாக வரும் ஹெர்பிஸ் புண். இதற்கு லெமன் பாம் சாறு சேர்த்த களிம்பை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன, ஆரம்பத்திலேயே பூசினால் புண் சீக்கிரம் ஆறுவதாகச் சிலவற்றில் தெரிந்தது. வீட்டுத் தேநீர் அந்தக் களிம்பின் அடர்த்திக்கு வராது, ஆனாலும் கெட்டியாகப் போட்டு ஆறவைத்த தேநீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுப்பதில் தவறில்லை. ஒருமுறை பயன்படுத்திய பஞ்சை மறுபடி தொட வேண்டாம், கண் பக்கமும் போக வேண்டாம்.

யாருக்கு ஆகாது

தூக்க மாத்திரையோ, பதற்றத்துக்கான மாத்திரையோ, மயக்கம் தரும் வேறு மருந்தோ எடுப்பவர்கள் இதைச் சேர்த்துக் குடித்தால் மந்தம் இரட்டிப்பாகலாம், மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மதுவோடும் அதே கதைதான். குடித்துவிட்டுத் தூக்கம் சொக்கினால் வண்டி ஓட்டக் கூடாது. தைராய்டு மருந்து சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் வேலையை இந்த இலையின் சாறு தடுப்பதாகச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கோப்பைத் தேநீரில் அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று தெளிவாகாத நிலையில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பதே முறை. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று என்றால் இதையும் குடிக்கிறேன் என்று மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவது பொதுவான வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான தரவு இல்லை, அதனால் தவிர்த்துவிடலாம். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய முகமையும் சொல்கிறது. இரண்டு வாரம் குடித்தும் தூக்கமோ மனசோ சரியாகவில்லை என்றால் தேநீரைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரைப் பாருங்கள்.

செடி பழசானால்

மூன்று நான்கு வருடத்தில் தூரின் நடுப்பகுதி கட்டை தட்டிப்போகும், இலை சிறுத்து ஓரத்தில் மட்டும் துளிர் வரும், வாசமும் முன்பு போல் இருக்காது. அப்போது குளிர்ந்த பருவத்தின் தொடக்கத்திலோ, குளிர் நாடாக இருந்தால் வசந்தத்தில் துளிர்விடும் நேரத்திலோ செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்து, பழைய தண்டையெல்லாம் குட்டையாக வெட்டிவிட்டு, கத்தியால் தூரை மூன்று நான்கு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வேரும் இரண்டு மூன்று துளிரும் இருக்க வேண்டும். நடுக்கட்டையை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளைப் புது மண்ணில் முன்பிருந்த ஆழத்துக்கே நட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நாள் நிழலில் வையுங்கள். புதுத் துளிர் ஒரு விரல் நீளம் வந்ததும் வெயிலுக்கு நகர்த்தலாம், அதுவரை உரம் வேண்டாம்.